இரைச்சலுக்கு மேலே எழும் குரல்

நெம்மேலி என்றதும் சென்னைவாசிகளுக்குக் குடிதண்ணீர்தான் நினைவுக்கு வரும். மாமல்லபுரத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் அவ்வூரில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆனால் நாம் இப்போது அங்கே போக விரும்புவது தண்ணீருக்காக அன்று, அலையோசைக்காக.

அவ்வூர்க் கடற்கரையில், அலை உடையும் இடத்தருகே, நீங்களும் உங்கள் நண்பரும் ஐம்பது மீட்டர் இடைவெளியில் நிற்பதாகக் கொள்ளுங்கள். நீங்கள் சாதாரணமாகப் பேசினால், உங்கள் வாய் அசைவது தெரியுமே தவிர, ஒரு சொல்கூட நண்பருக்குக் கேட்காது. அதே இடத்தில், படகை இழுக்கக் கை கொடுக்கும்படி ஒரு மீனவர் “ஏய்!” என்று ஒரு குரல் கொடுத்தால் அது அலையைக் கிழித்துக்கொண்டு வந்து சேரும். யாரேனும் நாகசுரம் வாசித்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

உரக்க ஒலிப்பதால் கேட்கிறது என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி அதைவிடச் சுவையானது.

உரப்பு மட்டுமே காரணம் என்றால் என்ன ஆகும் என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது வெளிப்படும் ஒலியாற்றல், ஏறத்தாழ ஒரு வாட்டில் இலட்சத்தில் ஒரு பங்குதான். உங்கள் வீட்டுப் பத்து வாட் விளக்கின் ஆற்றலுக்கு ஈடுசெய்ய வேண்டுமானால், பத்து இலட்சம் பேர் ஒரே நேரத்தில் பேச வேண்டும்! நன்கு பயின்ற பாடகர் தம் முழுக் குரலையும் எழுப்பினாலும் ஒரு வாட்டைத் தாண்டுவது அரிது. மேனாட்டுப் பெரிய இசைக்குழுவிலோ எழுபது எண்பது கருவிகள் இருக்கும். அவை யாவும் சேர்ந்து முழங்கும் உச்சத்தில் பல பத்து வாட் ஒலியாற்றல் வெளிப்படும். இத்தனைக்கும் நடுவே, ஒலிபெருக்கி இல்லாமல், மேடையில் நிற்கும் ஒற்றைப் பாடகரின் குரல் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கிறது. ஆற்றல் போட்டியில் பாடகர் தோற்றிருக்க வேண்டும், ஆனால் தோற்பதில்லை.

நம் நாட்டிலும் இதே விந்தை உண்டு. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்துத் தெருக்கூத்தைப் பார்த்திருக்கிறீர்களா? திறந்த வெளி. சுவர் இல்லை, கூரை இல்லை. ஒலியைத் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை ஆகியவை ஒருபுறம் முழங்க, வேடம் தரித்தவர் ஆடிக்கொண்டே பாடுகிறார். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பும் கூத்து நடந்தது. விடிய விடிய நடந்தது. ஊரே உட்கார்ந்து கேட்டது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் புகழ்பெற்றதும் ஒலிபெருக்கி பரவாத காலத்தில்தான்.

இசையொலிக்கு மூன்று இயல்புகள் உண்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள்: சுருதி, உரப்பு, பண்பு. முதல் இரண்டையும் ஆசிரியர்கள் விரிவாக நடத்துவார்கள். மூன்றாவதான பண்பு பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஒரே சுருதியில் ஒரே உரப்போடு ஒலித்தாலும் குழலையும் வயலினையும் வேறுபடுத்திக் காட்டுவது பண்பு, அவ்வளவுதான். ஜெர்மானியர் இதற்கு ‘ஒலியின் நிறம்’ என்று பொருள்படும் அழகான சொல்லை வைத்திருக்கிறார்கள். நாம் தேடும் விடை இந்த நிறத்தில்தான் இருக்கிறது.

ஒரு பாரி நாகசுரம் இரண்டு கட்டைச் சுருதியில் சட்சம் பிடிக்கிறது என்க. அதன் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 294 ஹெர்ட்ஸ். ஆனால் கருவியிலிருந்து வருவது அந்த ஒரே அதிர்வெண் அன்று. அதன் இரு மடங்கான 588, மும்மடங்கான 882, நான்கு மடங்கான 1,176 என்று மேற்சுரங்கள் வரிசையாக உடன் எழுகின்றன. பத்தாவது படி 2,940 ஹெர்ட்ஸ். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இம்மேற்சுரங்களில் எது வலுத்திருக்கிறது, எது மெலிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒலியின் நிறம் அமைகிறது. இதனை ஜெர்மானிய அறிஞர் எல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். மென்மையாக ஊதப்படும் புல்லாங்குழலில் ஆற்றலின் பெரும்பகுதி அடிப்படைச் சுரத்திலும் அதற்கடுத்த ஓரிரண்டிலும் அடங்கிவிடும். நாகசுரத்திலோ மேற்படிகள் வரை ஆற்றல் தாராளமாகப் பரவியிருக்கிறது.

சரி, ஆற்றல் பரவியிருப்பதால் என்ன இலாபம்? இதற்கு நம் காதுக்குள் நுழைய வேண்டும். உட்செவியில் நத்தைக்கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் 35 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய சவ்வு நீண்டு கிடக்கிறது. உயர்ந்த அதிர்வெண்கள் அதன் நுழைவாயில் பக்கத்தையும், தாழ்ந்த அதிர்வெண்கள் அதன் கடைக்கோடியையும் மிகுதியாக அசைக்கின்றன. இந்த அசைவை ஆராய்ந்து விளக்கிய பெக்கெசிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, காது ஒலியை மொத்தமாக அளப்பதில்லை. பகுதி பகுதியாகப் பிரித்துத் தனித்தனியே அளக்கிறது. ஓர் ஒலி இன்னொன்றை மறைக்க வேண்டுமானால், இரண்டும் சவ்வின் ஒரே பகுதியில் மோத வேண்டும். தாழ்ந்த ஒலி மிகவும் உரத்திருந்தால் தனக்கு மேலுள்ள பகுதிகளையும் ஓரளவு ஆக்கிரமிக்கும். ஆயினும் தொலைவிலுள்ள பகுதியில் அதன் ஆதிக்கம் குறைந்துவிடும்.

பேருந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். முன்வாசலில் கால் வைக்க இடமில்லை. பின்வாசலிலோ நாலைந்து பேர்தான். முண்டியடிப்பவர் முன்வாசலில் தொங்கிக்கொண்டிருக்க, விவரம் தெரிந்தவர் பின்வாசலில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். அலையோசையில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருந்தாலும் ஆற்றலின் பெரும்பகுதி சில நூறு ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கிறது. மேலே போகப்போகக் குறைகிறது. நம் சாதாரணப் பேச்சின் பேராற்றலும் அதே சில நூறு ஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான். அதாவது நாம் முன்வாசலில் முண்டியடிக்கிறோம்.

மேனாட்டு இசைக்குழுவின் கதையும் இதுவே. அதன் மொத்த ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்தளந்தால், உச்சம் 450, 500 ஹெர்ட்ஸ் அருகே இருக்கிறது. அதற்குமேல் சரிவுதான், 3,000 ஹெர்ட்ஸை எட்டும்போது உச்சத்தைவிட இருபது டெசிபெலுக்கும் மேல் தாழ்ந்துவிடுகிறது. இருபது டெசிபெல் என்றால் செறிவில் நூறில் ஒரு பங்கு. அங்கேதான் பின்வாசல் திறந்திருக்கிறது. சுவீடன் நாட்டு ஒலியியல் அறிஞர் யோகன் சுண்ட்பெர்க் 1970-களில் நடத்திய ஆய்வுகள், பயின்ற ஆண் பாடகர்களின் குரலில் 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் ஒரு தனி மேடு இருப்பதைத் தெளிவாக விளக்கின. இதற்குப் ‘பாடகர் மேடு’ என்று நாம் பெயர் வைத்துக்கொள்வோம். அவர் எடுத்துக்கொண்ட குரல்களில் ஒன்று, தம் நாட்டின் புகழ்பெற்ற பாடகர் யூசி பியோர்லிங்கினுடையது.

எண்களால் பார்ப்போம். இசைக்குழு மொத்தத்தில் 90 டெசிபெல், பாடகர் 80 டெசிபெல் என்று எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். மொத்தத்தில் பாடகரின் செறிவு பத்தில் ஒரு பங்கே. ஆனால் 3,000 ஹெர்ட்ஸைச் சூழ்ந்த குறுகிய பகுதியில் மட்டும் பார்த்தால் இசைக்குழு 62, பாடகர் 70 என்று நிலைமை தலைகீழாகிவிடும். அந்தப் பகுதியில் குரல் கேட்டுவிட்டால், மீதியை மூளை பொருத்திக்கொள்கிறது; பாடகரின் முழுக் குரலும் கேட்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

இந்த மேடு எப்படி உண்டாகிறது? குரல்நாண்களுக்கு நேர் மேலே இரண்டு, இரண்டரைச் சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு குழாய்ப் பகுதி ஒன்று இருக்கிறது. அது அகன்ற தொண்டைக் குழிக்குள் திறக்கிறது. குழாயின் வாய், தொண்டைக் குழியின் குறுக்குப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தால், அச்சிறு குழாய் தனிக் கருவி போலத் தன் போக்கில் ஒத்ததிரத் தொடங்குகிறது. பாடகர் குரல்வளையைச் சற்றுக் கீழிறக்கித் தொண்டையை அகட்டும்போது இந்த விகிதம் அமைகிறது. கூடுதலாக மூச்சைச் செலவிட வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். இது பலத்தால் வருவதன்று, வடிவத்தால் வருவது.

கேட்பவர் பக்கம் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது: செவித்துளை. நீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ.; ஒரு முனை திறந்தது, மறு முனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. ஒரு முனை மூடிய குழாயின் அடிப்படை ஒத்ததிர்வில் குழாயின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு என்று படித்திருக்கிறீர்கள். ஆகவே அலைநீளம் 10 செ.மீ. ஒலியின் திசைவேகம் வினாடிக்கு 340 மீட்டர் என்றால் அதிர்வெண் 3,400 ஹெர்ட்ஸ்! இந்த வட்டாரத்தில் வரும் ஒலியை நம் செவித்துளையே பெருக்கிக் கொடுத்துவிடுகிறது. சொல்பவரின் தொண்டையிலும் கேட்பவரின் காதிலும் ஏறத்தாழ ஒரே நீளமுள்ள குழாய்கள் அமைந்திருப்பது இயற்கையின் வேடிக்கைகளுள் ஒன்று.

உச்சத் தாயியில் பாடும் மேனாட்டுப் பெண் பாடகியர் இந்த மேட்டை நம்பியிருப்பதில்லை. அவர்களது அடிப்படை அதிர்வெண்ணே 700, 1,000 ஹெர்ட்ஸ் என்று இசைக்குழுவின் உச்சத்தைத் தாண்டி நிற்கிறது. அவர்கள் வாயை அகலத் திறந்து, வாய்க்குழியின் முதல் ஒத்ததிர்வை அந்த அடிப்படைச் சுரத்தோடு பொருத்திவிடுகிறார்கள். அதனால்தான் அவ்வுயரத்தில் பாடும்போது அவர்களது ‘ஈ’யும் ‘ஆ’வும் நமக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. குரல் எட்டுகிறது, எழுத்து போய்விடுகிறது!

இப்போது நம் நாகசுரத்துக்கு வருவோம். இதன் வாயில் பொருத்தப்படும் சீவாளி, நாணலில் செய்யப்பட்ட இரட்டை நாக்கு. ஊதும்போது அது வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை படக்கென்று மூடி மூடித் திறக்கிறது. காற்று மெதுவாக ஏறி இறங்காமல் வெட்டு வெட்டாக உட்புகுகிறது. எந்த அலையும் எவ்வளவு திடீரென்று மாறுகிறதோ அவ்வளவுக்கு அதில் மேற்சுரங்கள் மிகும். நம் குரல்நாண்களும் அப்படித்தான்: மெல்லப் பேசும்போது தளர்வாக மூடுகின்றன, கூவும்போது சட்டென்று அறைந்து மூடுகின்றன. ஆகவே கூவும் குரல் உரத்திருப்பதோடு நிறமும் மாறிவிடுகிறது. மீனவரின் “ஏய்!” அலையைத் தாண்டுவதன் இரகசியம் இதுவே. தெருவில் மீன் விற்கும் அம்மாள் மூக்கால் இழுத்துக் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். குரல்வளைக்கு மேலுள்ள அந்தச் சிறு குழாயைக் குறுக்கினால் இப்படிப்பட்ட கூரிய குரல் வரும். சுண்ட்பெர்க்கைப் படிக்காமலேயே அவர் பின்வாசலைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

சீவாளியிலிருந்து வரும் அதிர்வை வாங்கிக்கொள்வது, பெரும்பாலும் ஆச்சா மரத்தில் கடைந்த உடல். அது மேலே குறுகிக் கீழே அகலும் கூம்பு. ஒரு முனை மூடிய நேர்குழாயில் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை மேற்சுரங்களே எழும். கிளாரினெட்டின் கீழ்ச்சுரங்களில் இதைக் காணலாம். கூம்புக்குழாயிலோ ஒற்றை, இரட்டை என்ற வேறுபாடின்றி எல்லாமே எழுகின்றன. கீழே அணைசு என்னும் விரிந்த வாய், உயர்ந்த மேற்சுரங்கள் வெளியேறத் துணைசெய்கிறது. தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

முன்பு பெரிதும் வழங்கியது குட்டையான திமிரி நாகசுரம். அதன் சுருதி உயர்ந்தது. நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்தைப் பரவச் செய்தவர்களுள் தலையாயவர் டி.என். இராசரத்தினம் பிள்ளை (1898-1956). சுருதி இறங்கியும் ஒலி ஏன் அமுங்கவில்லை? அடிப்படைச் சுரம் தாழ்ந்தாலும் மேற்சுரங்கள் நெருக்கமாகி, 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தை நிரப்பவே செய்கின்றன. நாம் நினைவில் வைத்த 2,940 அதற்குச் சான்று. கூத்தின் முகவீணை இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. அதுவும் இரட்டை நாக்குடையதே. சுருதி மிக உயர்ந்ததால் அதற்கு அத்தனை படிகள் ஏற வேண்டிய தேவையே இல்லை.

‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் சரிக்குச் சரியாகப் போட்டியிடும் பாடலைக் கேளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது. ஆனால் அந்தச் சமநிலை ஒலிவாங்கியின் உபயம். கோயில் வீதியில் இருவரும் அருகருகே நின்றால் நாகசுரம் குரலை விழுங்கிவிடும். இரண்டுமே பின்வாசலில் ஏறப் பார்த்தால் ஆற்றல் மிக்கதுதானே உட்காரும்!

மறைக்கும் வேலையை வேண்டுமென்றே செய்யும் இசையும் நம்மிடம் உண்டு. நெம்மேலிக்கு வடக்கேயுள்ள திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் திருமண வேண்டுதலுக்குப் பெயர்பெற்றது. திருமணங்களில் தாலி கட்டும் நொடியில் “கெட்டிமேளம்!” என்று குரல் எழுந்ததும் என்ன நடக்கிறது? தவிற்காரர் வலக்கை விரல்களில் மாட்டிய கடினமான கூடுகளாலும் இடக்கைக் கழியாலும் மின்னல் வேகத்தில் அடிக்கிறார். ஒவ்வோர் அடியும் திடீர் அதிர்வு. ஆகவே தாழ்ந்ததும் உயர்ந்ததுமாக எல்லா அதிர்வெண்களும் அதில் உண்டு. நாகசுரம் மேல்பகுதியை அடைத்துக்கொள்கிறது. பேருந்தின் இரண்டு வாசலும் நிரம்பிவிட்டன! தும்மலோ, வேண்டாத சொல்லோ அந்த நொடியில் யார் காதிலும் விழாது. நம்பிக்கை எப்படியிருந்தாலும் ஒலியியல் கணக்கு சரியாகவே இருக்கிறது.

நிறம் செழிப்பதற்கு உரப்பு தேவையே இல்லை என்பதற்குத் தம்புரா சான்று. தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலை வைத்து நகர்த்தி ‘ஜீவா’ பிடிப்பார்கள். நூல் சரியான இடத்துக்கு வந்ததும் மங்கிக் கிடந்த ஒலி திடீரென்று ஒளிர்கிறது. சர் சி.வி. இராமன் 1921-இல் வெளியிட்ட ஆய்வில், தம்புராவிலும் வீணையிலும் குதிரையின் வளைந்த பரப்பால், மீட்டும் இடத்தின் காரணமாக எழக்கூடாத மேற்சுரங்களும் எழுவதைக் காட்டினார். தம்புரா மிக மெல்லிய ஒலியுடையது. ஆனாலும் பாட்டு, வயலின், மிருதங்கம் ஆகியவற்றின் இடையே ஊடுருவிப் பாடகரின் காதை எட்டுகிறது.

கடற்கரைக்கே உரிய ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். பிற்பகலில் கடலிலிருந்து காற்று வீசும். தரையருகே காற்றின் வேகம் குறைவு, மேலே அதிகம். காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலியலை இதனால் மேல்நோக்கி வளைந்துவிடும். காற்றோடு செல்லும் ஒலி தரையை நோக்கி வளையும். ஆகவே ஊருக்குள் பிற்பகலில் வாசிக்கும் நாகசுரம், மேற்கே வயல்வெளியில் தெளிவாகக் கேட்கும். கிழக்கே அலையருகே நிற்பவருக்கு எட்டாமற் போகலாம். அங்கே நிறமும் கைகொடுக்காது. நெடுந்தொலைவில் இன்னொரு மாற்றமும் உண்டு. உயர்ந்த அதிர்வெண்களைக் காற்று மிகுதியாக உறிஞ்சிக்கொள்வதால், அருகே காதைத் துளைத்த நாகசுரம் ஒரு கிலோமீட்டர் தாண்டி மென்மையாகிவிடுகிறது.

இக்காலத்தில் தவிலுக்கும் நாகசுரத்துக்கும்கூட ஒலிவாங்கி வைத்து, மூலைக்கு மூலை ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். இயல்பாகவே தெருவைத் தாண்டிக் கேட்கும் கருவிக்கு இது எதற்கு என்று இதை எழுதுபவனுக்கு இன்னும் விளங்கவில்லை. இதில் ஓர் அபாயமும் இருக்கிறது. பெருஞ்சத்தத்தால் பழுதாகும் காது முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸைச் சூழ்ந்த பகுதியைத்தான். குரலை இரைச்சலுக்கு மேலே எழுப்பும் பகுதிக்கு மிக அருகில் அது இருக்கிறது. அங்கே பழுதானவர்க்குப் பேச்சு கேட்கும். ஆனால் ‘ச’வா, ‘த’வா என்று பிரித்தறிய முடியாது, அதுவும் கூட்டத்தில். 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது பொதுவான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் எத்தனை நிமிடம் என்று நீங்களே கணக்கிடுங்கள். விடை: 15. கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே கிடைக்கும் நாற்காலியை விட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்று. குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் சடசடவென்று விழும்படி விடுங்கள்; இதுவே உங்கள் கடல். இரண்டு மீட்டர் தள்ளிக் கைப்பேசியில் புல்லாங்குழல் இசையை ஒலிக்கவிட்டு, அது இரைச்சலில் மறையும் வரை ஒலியளவைக் குறையுங்கள். அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நாகசுர இசையை வைத்து அதே போல் செய்யுங்கள். இரு பதிவுகளும் தண்ணீர்ச் சத்தமின்றிக் கேட்கையில் ஒரே அளவு உரப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது முக்கியம். அடுத்து, கைப்பேசியின் மேல் தடித்த துண்டு ஒன்றை நான்காக மடித்துப் போட்டுவிட்டு மீண்டும் செய்யுங்கள். துணி உயர்ந்த அதிர்வெண்களையே மிகுதியாக விழுங்கும். எந்த இசைக்கு ஒலியளவைக் கூடுதலாக ஏற்ற வேண்டியிருந்தது, ஏன் என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.